ஆயிரம் கோழிகளுள் ஒரு கோழி

பால் நிறுக்குமிடத்தில் வாளியை எடை போட்டால் அன்றைய பாலின் மொத்தம் தெரியும். எந்த மரம் வற்றி நின்றது என்பது தெரியாது. மரத்துக்கு மரம் நின்று மங்கைக் கவிழ்த்தவருக்கே அது தெரியும். கோழிப் பண்ணையின் நிலையும் இதுவே. கொட்டகையில் செலவான தீனியையும் கிடைத்த முட்டைகளையும் கணக்கிடலாம். தீனித் தொட்டியை அணுகாமல் ஒடுங்கி நிற்கும் ஒரு கோழியை அக்கணக்கு காட்டுவதில்லை.

சிறு கூண்டில் சில கோழிகள் மட்டும் இருந்தபோது இது பெருஞ்சிக்கலன்று. சுவிட்சர்லாந்தில் 1992 முதல் கூண்டு முறை ஒழிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் பழைய வகைக் கூண்டுகளை 2012 சனவரி முதல் தடை செய்தது. அங்கே பல அடுக்குகள் கொண்ட கொட்டகைகளில் கோழிகள் கூட்டமாக உலவலாயின. கோழிக்கு இடம் கிடைத்தது. ஒன்றைத் தனியே கவனிப்பதோ அரிதாயிற்று.

இதற்காகவே ஆய்வாளர்கள் உணர்கருவிகளை நாடினர். கோழியின் காலில் ஒரு வளையம் பூட்டப்படும். அதனுள் எண் பதிந்த சிறு சில்லு இருக்கும். அதற்கு மின்கலம் தேவையில்லை. தீனித் தொட்டி, முட்டையிடும் பெட்டி, வாயில் ஆகிய இடங்களில் பதித்த ஏரியலிலிருந்து பரவும் ரேடியோ அலையே அதற்குச் சக்தி தரும். கோழி அருகில் வந்ததும் சில்லு தன் எண்ணைத் தெரிவிக்க, கணினி நேரத்தோடு குறித்துக்கொள்ளும். முதுகில் புத்தகப் பை போலக் கட்டும் கருவியும் உண்டு. அது நடத்தல், தாவுதல் முதலிய அசைவுகளை அளக்கும். பை கனத்தால் நடையே மாறிவிடுமாதலின், அது மிக இலேசாக இருத்தல் வேண்டும்.

பதிவுகளில் தெரிந்தது யாதெனில், வாயில் திறந்திருந்தும் சில கோழிகள் நாள்தோறும் வெளியே உலவின, சில அரிதாகவே வந்தன, சில வரவேயில்லை. உள்ளே இருப்பதே ஒரு கோழியின் வழக்கமாயின், அதனை நோயுற்றது எனல் தவறு. நாள்தோறும் வெளியே வந்தது திடீரென நின்றால் அதுவே கவனத்திற்குரியது. ஆகவே ஒரு கோழியை அதன் முந்தைய நாட்களோடுதான் ஒப்பிட வேண்டும், கூட்டத்தின் சராசரியோடு அன்று. முட்டைக் கோழிகளுக்கு மார்பெலும்பு முறிவது பெருந்துன்பம். வெளித்தோற்றத்தில் அது தெரியாது; ஆனால் அக்கோழி உயரத்திலிருந்து இறங்கத் தயங்கும்.

கருவிக்கும் குறை உண்டு. பல கோழிகள் நெருக்கியடித்துக் கடந்தால் சில எண்கள் தவறிப்போகும். ஆயிரக்கணக்கான வளையங்களுக்கு ஆகும் செலவும் சிறிதன்று. எனவே இம்முறை பெரும்பாலும் ஆய்வுப் பண்ணைகளிலேயே நிற்கிறது.

நார்வே நாட்டவரான ஷெல்டெரப்-எப்பே, கோழிகளுள் எது எதனைக் கொத்தும் என்னும் வரிசையைக் கண்டறிந்து 1922இல் வெளியிட்டார். அவரிடம் சில்லும் இல்லை, கணினியும் இல்லை. ஒவ்வொரு கோழியையும் கண்ணால் பார்த்தே அடையாளம் கண்டார். வீட்டின் பின்புறம் பத்துக் கோழிகள் வைத்திருப்போருக்கும் அது இயலும். தீனி போடும்போது முதலில் ஓடி வருவது எது, மாலையில் கடைசியாக அடைவது எது என்று சில நாட்கள் கவனித்து வையுங்கள். முதலில் வருவது ஒருநாள் பின்தங்கி நின்றால், அதனை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, கால்நடை இலாகா அலுவலகத்தில் தெரிவியுங்கள்.