இறுதிச் சட்டகங்கள்

2009 யனவரி 21இல் இலங்கை அரசு பாதுகாப்பு வலயமென அறிவித்த நிலத்துள் உடையார்கட்டும் அடங்கியிருந்தது. அவ்வலயத்தின்மேல் எறிகணைகள் வீழ்ந்தமையை ஐ.நா. நிபுணர் குழு 2011இல் பதிவுசெய்தது. வன்னிப் போரின் இறுதிக்காலச் சான்றுகளுட் பல, கையடக்கக் கருவிகள் எடுத்த ஒளிப்பதிவுகளே. அவற்றை வாசிப்பது எங்ஙனம்?

ஒளிப்பதிவுக் கோப்பு ஒரு கொள்கலம். ஒலியோடையும் காட்சியோடையும் அதனுள் பொதிகளாக விரவிக் கிடக்கும். சி மொழியிலமைந்த எஃப்எஃப்எம்பெக் நூலகத்தின் சார்பொன்று அவற்றை ஒவ்வொன்றாய் எடுத்துத்தரும். ஓடையெண்ணை நோக்கி உரிய குறிவிலக்கியிடம் சேர்ப்பது நிரலாளர் பணி. பொதி ஒன்றுக்கு உடனே ஒரு சட்டகம் கிடைக்குமெனக் கொள்ளலாகாது. குறிவிலக்கி சிலவற்றைத் தன்னுள் தேக்கிவைக்கும். கோப்பு முடிந்தபின் வெற்றுப்பொதி அனுப்பி அவற்றை வெளிக்கொணராவிடின் இறுதிச் சட்டகங்கள் இழக்கப்படும்.

இஃது அற்ப விடயமன்று. 2009 ஓகஸ்டில் சனல் 4 ஒளிபரப்பிய கொலைக்காட்சிப் பதிவு உண்மையானதென்றே ஆய்வுகள் வலுவாகச் சுட்டுவதாக, ஐ.நா. அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் 2010 யனவரியில் தெரிவித்தார். எனினும் விளக்கம் பெறாது எஞ்சியவற்றுள் இறுதி 17 சட்டகங்களும், கோப்பிற் பொறிக்கப்பட்டிருந்த 2009 யூலை 17 என்ற திகதியும் அடங்கின. போரோ மே மாதமே முடிந்திருந்தது. பொதுவாக இத்தகைய திகதி கொள்கலத்தின் தலைப்பில் இடப்படுவது; படியெடுக்கையில் மாறக்கூடியது. சட்டகங்களின் நேரக்குறிகளோ ஓடைக்குள்ளேயே எண்ணப்படுபவை; நாட்காட்டியை அவை அறியா.