டிராக்டர், கார், வீடு... இன்ஷூரன்ஸ் செலவை எங்கே குறைக்கலாம்?

ஒரு பைக், ஒரு கார், ஒரு டிராக்டர், சொந்த வீடு என்று இருக்கும் விவசாயக் குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸ் பிரீமியம் பெரிய செலவு. ‘இதைக் குறைக்க வழியே இல்லையா?’ என்று கேட்கும் வாசகர்களுக்காக இந்தக் கட்டுரை. வழி இருக்கிறது. ஆனால், எதைக் குறைக்கலாம், எதில் கைவைக்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பேரம் எதில்?

வண்டி பாலிசியில் இரண்டு பகுதிகள் உண்டு. மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். அதன் கட்டணத்தை மத்திய அரசு நிர்ணயிப்பதால் எந்த கம்பெனியிலும் ஒரே தொகைதான். நம் வண்டியின் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ பகுதி கம்பெனிக்கு கம்பெனி மாறும். இரண்டு, மூன்று இடங்களில் விலை கேட்டு ஒப்பிட வேண்டியது இதைத்தான்.

கேட்காத வருடத்துக்குப் பரிசு

க்ளெய்ம் கேட்காத ஒவ்வொரு வருடத்துக்கும் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கும். முதல் வருடம் 20 சதவிகிதம். பிறகு 25, 35, 45 என்று உயர்ந்து 50 சதவிகிதம் வரை போகும்.

உதாரணமாக, 8,000 ரூபாய் பிரீமியத்தில் 50 சதவிகிதத் தள்ளுபடி போக 4,000 ரூபாய் கட்டுகிறீர்கள். 3,000 ரூபாய் வேலைக்கு க்ளெய்ம் வாங்கினால், அடுத்த வருடம் முழு 8,000 ரூபாய். அதற்கடுத்த வருடம் 6,400 ரூபாய். பிரீமியம் மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், இரண்டு வருடங்களில் கூடுதலாகப் போவது 6,400 ரூபாய்! சின்னச் சின்ன நசுங்கலுக்குக் கைக்காசைச் செலவழிப்பதே லாபம்.

இந்தத் தள்ளுபடி வண்டிக்கு அல்ல, உரிமையாளருக்கு உரியது. பழைய காரை விற்றுப் புதுசு வாங்கும்போது, பழைய கம்பெனியிடம் சான்று வாங்கிப் புதிய பாலிசிக்கு மாற்றிக்கொள்ளலாம். பாலிசி காலாவதியாகி 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிட்டால், சேர்த்த தள்ளுபடி மொத்தமும் போய்விடும்.

ஒரே காப்பீட்டுக்கு இரண்டு கட்டணமா?

உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டை ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக எடுக்கத் தேவையில்லை. ஒருவர் பெயரில் எத்தனை வண்டிகள் இருந்தாலும் ஒன்று போதும். புதுப்பிக்கும்போது இதைச் சொல்லி, மற்ற பாலிசிகளில் நீக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்குக் கட்டுமானச் செலவே கணக்கு

2021 ஏப்ரல் முதல் ‘பாரத் கிரஹ ரக்ஷா’ என்ற பொதுவான வீட்டு பாலிசி நடைமுறையில் இருக்கிறது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் இதில் அடங்கும். மனை விலையைச் சேர்த்து பாலிசி எடுக்க வேண்டாம். புயல் மனையைத் தூக்கிக்கொண்டு போகாது. 1,000 சதுர அடி வீட்டைத் திரும்பக் கட்ட சதுர அடிக்கு 2,000 ரூபாய் ஆகுமென்றால், 20 லட்சம் ரூபாய்க்கு எடுத்தால் போதும். வீட்டுப் பொருள்களுக்கு அதில் 20 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை தானாகவே சேரும். வீட்டுக்கடன் இருந்தால், வங்கி ஏற்கெனவே பாலிசி எடுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பூட்டை உடைத்துத் திருடுவதற்கு இந்த பாலிசி பொருந்தாது. அதற்குத் தனியாக எடுக்க வேண்டும்.

இதில் கைவைக்காதீர்கள்

விவசாய உபயோகம் என்று பாலிசி எடுத்துவிட்டு, டிராக்டரில் வாடகைக்கு செங்கல், மணல் ஏற்றினால், விபத்தின்போது க்ளெய்ம் மறுக்கப்படலாம். டிரெய்லரையும் பாலிசியில் சேர்த்திருக்க வேண்டும். மட்கார்டில் ஆள் உட்கார்ந்து போய் விழுந்தால், இழப்பீட்டுச் சுமை உரிமையாளர் தலையில் விழக்கூடும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் நிலத்தையே விற்கும் நிலை வரலாம்.

பாலிசி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே எடுத்துப் படியுங்கள். உபயோகம், டிரெய்லர், தள்ளுபடி விகிதம் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு பிரீமியம் கட்டுங்கள்.