500 ஜி.பி. வாங்கினால் 465 காட்டுவது ஏன்?

மதுரையிலிருந்து தென்காசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும், மில் அலுவலகம் முதல் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ வரை, பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்திக்கொள்வது இன்று சர்வ சாதாரணமாகிவிட்டது. அப்படிப் பொருத்தியவர்களுக்கு முதல் நாளே ஒரு சந்தேகம் எழுகிறது: பெட்டியின்மேல் 500 ஜி.பி. என்று அச்சிட்டிருக்க, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் 465.76 என்றும், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் பரிசோதனை மென்பொருள் 500.1 என்றும் காட்டுகின்றனவே, இவற்றுள் எதை நம்புவது? கடைக்காரர்மீது கோபங்கொண்டு டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கப் புறப்படுமுன், ஜி.பி. கணக்கைச் சற்றே ஒதுக்கிவிட்டுப் பைட் கணக்கைப் பார்ப்பது நியாயம்.

500 ஜி.பி. டிஸ்க் ஒன்றில் வழக்கமாக 97,67,73,168 செக்டார்கள் உள்ளன. செக்டார் ஒன்றுக்கு 512 பைட் வீதம் பெருக்கினால் 5,00,10,78,62,016 பைட். உற்பத்தியாளர் நூறு கோடி பைட்டை ஒரு ஜி.பி. என்று கொள்வதால் அவருக்கு இது ஐந்நூறுக்குச் சற்று மேல். விண்டோஸோ, இரண்டின் அடுக்குகளைப் பின்பற்றி 1,07,37,41,824 பைட்டை ஒரு ஜி.பி. என்று கொள்வதால் அதற்கு இது 465.76. இரண்டும் ஒரே பொருளைத்தான் அளந்தன. ஒரு பைட்டும் களவு போகவில்லை. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸை நிறுவிய ஊரில் இதை விளக்குவது கடினமன்று: ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை என்று எண்ணும் ஆங்கிலக் கணக்கில் நாற்பதாம் நம்பராகும் நூல், ஒரு கிலோவில் எத்தனை ஆயிரம் மீட்டர் என்று கேட்கும் மெட்ரிக் கணக்கில் ஏறத்தாழ அறுபத்தெட்டாகிறது, அதனால் நூல் மெலிந்துவிட்டதென்று எந்த மில்காரரும் சொல்லமாட்டார்.

இக்குழப்பத்தைத் தீர்க்கவென்றே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் இரண்டின் அடுக்கு அளவுக்கு ஜிபிபைட் என்று தனிப்பெயர் சூட்டியது. ஆப்பிள் நிறுவனம் 2009-இல் தன் கணினிகளில் பத்தின் அடுக்குக் கணக்குக்கே மாறிக்கொண்டது. விண்டோஸ் மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. எனினும், சி டிரைவின் பிராப்பர்டீஸைத் திறந்தால் கொள்ளளவு முழுப் பைட் எண்ணிக்கையாகவும், பக்கத்திலேயே ஜி.பி.யாகவும் அச்சாகியிருப்பதைக் காணலாம். அந்த நீண்ட எண்ணை நூறு கோடியால் வகுத்து, பெட்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஏறக்குறைய ஒத்துப்போனால் விவகாரம் அங்கேயே முடிந்தது.

ஒத்துப்போகாவிடில் அடுத்துப் பார்க்க வேண்டியது பிரிவுகளை. பழைய 250 ஜி.பி. டிஸ்க்கை அப்படியே புதியதில் நகலெடுத்தவர்களுக்கு மிஞ்சிய பாதி, ஒதுக்கப்படாத இடமாகக் கருப்புப் பட்டையுடன் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் கிடக்கும். சாம்சங் மேஜிஷியன் போன்ற மென்பொருளில் ஓவர் புரொவிஷனிங் என்பதை யாரேனும் இயக்கியிருந்தாலும், சிப்புகளின் ஆயுளைக் கருதி ஒரு பகுதி அவ்வாறே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். முன்னதை எக்ஸ்டெண்ட் வால்யூம் கொண்டு சேர்த்துக்கொள்ளலாம். அந்தக் கட்டளை மங்கிக் கிடந்தால், சி டிரைவுக்கும் ஒதுக்கப்படாத இடத்துக்கும் நடுவே விண்டோஸின் ரெக்கவரி பிரிவு குறுக்கிடுகிறதென்று பொருள். அதை அவசரப்பட்டு அழித்துவிடாமல், பேக்கப் எடுத்த பின்பே விஷயம் தெரிந்தவரைக்கொண்டு நகர்த்தச் செய்வது நல்லது.

மென்பொருளே பிழையாகப் படிப்பதும் உண்டு. மலிவான யூ.எஸ்.பி. உறைகளுள் சில, 512 பைட் செக்டாரை 4,096 என்று மாற்றி அறிவிக்கின்றன. டிஸ்க்கின் உள்விவரங்களை மேலாண்மை மென்பொருளுக்குக் கடத்தாமலும் மறைக்கின்றன. டிஸ்க்கை உறையிலிருந்து எடுத்து மதர்போர்டில் நேராகச் செருகிப் பார்த்து, மென்பொருளையும் புதுப்பித்த பின்னரே அது காட்டும் எண்ணைப் பிரமாணமாகக் கொள்ள வேண்டும். கொள்ளளவு திடீரென்று அற்பமாகச் சுருங்குவதோ வேறு ஜாதி நோய்: 2011-இல் இன்டெல் 320 வரிசை டிஸ்க்குகள் சில, மின்சாரம் எதிர்பாராமல் நின்றபின் தம் கொள்ளளவை வெறும் 8 எம்.பி. என்று அறிவித்தன, அந்நிறுவனம் குறையை ஒப்புக்கொண்டு, அவ்வாண்டிலேயே ஃபர்ம்வேர் திருத்தம் வெளியிட்டது. கரண்ட் அடிக்கடி போகிற ஊர்களில் யூ.பி.எஸ். என்பது ஆடம்பரமன்று.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது குறைத்துக் காட்டும் டிஸ்க் அன்று, கூட்டிக் காட்டும் டிஸ்க். நம்பமுடியாத விலையில் 16 டி.பி. என்று விற்கப்படும் போலிச் சாதனங்களில், சில பத்து ஜி.பி. சிப்பை வைத்து, ஃபர்ம்வேரைத் திருத்திப் பெரிய எண்ணைச் சொல்லவைத்திருப்பார்கள். விண்டோஸும் அதை அப்படியே நம்பிக் காட்டும். சிப் நிறைந்தபின் எழுதப்படுவன யாவும் தொலைந்துபோகின்றன, அல்லது முன்னவற்றை அழிக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தை நாள் முழுதும் படமெடுத்து இத்தகைய டிஸ்க்கில் ஏற்றிய ஸ்டூடியோக்காரருக்குக் கோப்புகளின் பெயர் மட்டும் மிஞ்சும். அத்தேரோட்டத்துக்கு அடுத்த ஆடிவரை காத்திருக்க வேண்டும். ஆகவே, புதிதாக வாங்கிய வெளி டிஸ்க் வெறுமையாக இருக்கும்போதே, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்னும் இலவச மென்பொருளை ஓட்டுங்கள். அவை டிஸ்க் முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்ப்பவை. பல மணி நேரம் பிடிக்கும். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.