எத்தனை எம்எம் என்பது இரண்டாவது கேள்வி

லென்ஸ் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை எம்எம்?’ அடுத்தது, ‘அபர்ச்சர் எவ்வளவு?’ 35 எம்எம் கேமராவுக்கு இந்த இரண்டும் தெரிந்தால் போதும். மீதியைக் கேமராவைச் செய்தவர்களே யோசித்து வைத்திருப்பார்கள். துருத்தி வைத்த 4×5 அங்குலக் கேமராவோ, ஆறரை அங்குல நீள ஃபிலிமில் எடுக்கும் பனோரமா கேமராவோ கைக்கு வந்துவிட்டால் கதையே வேறு. கேமரா ஒரு நிறுவனத்துடையது, லென்ஸ் இன்னொன்றுடையது. இரண்டுக்கும் பொருத்தம் பார்ப்பது வாங்குகிறவர் தலையில் விழுகிறது. அங்கே முதலில் கேட்க வேண்டியது, இந்த லென்ஸ் எவ்வளவு பெரிய வட்டம் போடும் என்பதுதான்.

உருண்டையான லென்ஸ் விழச்செய்யும் பிம்பமும் வட்டமே. நாம் பார்க்கும் செவ்வகப் படம் அதன் நடுவிலிருந்து எடுத்த துண்டு. துண்டின் நான்கு மூலையும் உள்ளே அடங்க வேண்டுமென்றால், வட்டத்தின் விட்டம் செவ்வகத்தின் மூலைவிட்டத்துக்குக் குறையக் கூடாது. 35 எம்எம் ஃபிலிமில் அது 43 மி.மீ. 4×5 ஃபிலிமில் படம் விழும் பரப்பு சுமார் 96×120 மி.மீ. என்பதால் மூலைவிட்டம் 154 மி.மீ. 8×10 ஃபிலிமில் 300 மி.மீட்டரைத் தாண்டிவிடும். சின்னக் கேமராவின் 150 எம்எம் லென்ஸைப் பெரிய கேமராவில் எப்படியோ மாட்டிவிட்டாலும், நடுவில் ஒரு வெளிச்ச வட்டமும் சுற்றிலும் கும்மிருட்டும்தான் மிஞ்சும்.

அப்படியானால் 154 மி.மீ. வட்டம் போடும் லென்ஸ் போதாதா? போதும், கேமராவை அசைக்காதவரை. ஆனால் பெரிய கேமராவை யாரும் அசைக்காமல் வைத்திருப்பதற்காக வாங்குவதில்லை. உயரமான கோபுரத்தை எந்தக் கேமராவால் அண்ணாந்து எடுத்தாலும் அது பின்னால் சாய்ந்து, உச்சி குறுகி விழும். ஃபிலிமைச் செங்குத்தாகவே நிறுத்தி, லென்ஸை மட்டும் மேலே உயர்த்தினால் கோபுரம் நிமிர்ந்து நிற்கும். இந்த வசதிக்காகத்தான் இவ்வளவு கனத்தைத் தோளில் சுமப்பது.

ஒரு கணக்குப் போடலாம். கேமரா மட்டத்திலிருந்து 60 மீட்டர் உயரக் கோபுரம். 100 மீட்டர் தள்ளி நிற்கிறோம். லென்ஸ் 150 எம்எம். கோபுர உச்சியின் பிம்பம் மையக்கோட்டிலிருந்து 90 மி.மீ. தள்ளி விழும். ஃபிலிமை நெடுக்காக வைத்தாலும் பாதி உயரம் 60 மி.மீ.தான். ஆகவே லென்ஸை 30 மி.மீ. உயர்த்த வேண்டும். அப்போது மூலை மையத்திலிருந்து 102 மி.மீ. தூரம் போகிறது, தேவையான வட்டம் 204 மி.மீ. ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் 1902-இல் வடிவமைத்த டெஸ்ஸார் வகை, நான்கே கண்ணாடிகள் கொண்டது. சின்னது, எடை குறைவு, கூர்மைக்குப் பெயர் போனது. சுமார் 60 டிகிரிதான் மூடும் என்பதால் 150 எம்எம்மில் 173 மி.மீ. வட்டம் கிடைக்கும். நம் கோபுரத்தின் மூலைகள் கறுத்துவிடும். ஆறு கண்ணாடிகள் கொண்ட பிளாஸ்மட் வகை 70 டிகிரி மூடும். ஷ்னைடர் நிறுவனத்தின் 150 எம்எம் சிம்மார்-எஸ் இந்த வகை, அது போடும் வட்டம் 210 மி.மீ.; கோபுரம் மயிரிழையில் தப்பிக்கும். இரண்டும் 150 எம்எம், இரண்டும் நல்ல லென்ஸ்கள். விலைச்சீட்டில் தெரியாத வித்தியாசம் கோபுரத்தின் முன்னால் தெரிந்துவிடுகிறது.

இந்தக் கணக்கைக் களத்தில் யாரும் போடுவதில்லை. பழைய கேமராக்களில் பிம்பம் பார்க்கும் கிரவுண்ட் கிளாஸைப் பார்த்தால் நான்கு மூலைகளும் சின்னதாக வெட்டப்பட்டிருக்கும். உடைந்ததோ என்று தோன்றும், வேண்டுமென்றே வெட்டியதுதான். அந்த ஓட்டை வழியாகக் கண்ணை வைத்து லென்ஸைப் பார்க்க வேண்டும். அபர்ச்சர் முழுதாகத் தெரிந்தால் அந்த மூலைக்கு ஒளி வருகிறது. இரு பக்கமும் கூர்த்து எலுமிச்சை விதைபோலத் தெரிந்தால், லென்ஸின் குழல் ஒளியை வெட்டுகிறது. அபர்ச்சரைச் சுருக்கச் சுருக்க அந்த வெட்டு மறையும். லென்ஸ் நிறுவனங்கள் பிம்ப வட்டத்தை எஃப்/22-இல் அளந்து சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எஃப்/22 வரை சுருக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து படம் மழுங்கிவிடாதா என்று 35 எம்எம் பழக்கத்தில் கேட்கத் தோன்றும். மழுங்கத்தான் செய்யும்: ஒரு புள்ளி 0.03 மி.மீ. அகலத்துக்குப் பரவும். ஆனால் 4×5 ஃபிலிமை 16×20 அங்குலமாக்க நான்கு மடங்கு பெருக்கினால் போதும். அதே அளவுக்கு 35 எம்எம் ஃபிலிமைப் பதினேழு மடங்கு இழுக்க வேண்டும். இங்கே கண்ணுக்குத் தெரியாத மழுப்பல் அங்கே அரை மில்லிமீட்டராகிவிடும். ஆன்செல் ஆடம்ஸும் நண்பர்களும் 1932-இல் தங்கள் குழுவுக்கு எஃப்/64 என்று துணிந்து பெயர் வைத்தது 8×10 ஃபிலிமை அப்படியே தாளோடு ஒட்டி அச்சிடும் தைரியத்தில்தான்.

வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் வேறொரு வம்பு வருகிறது. மையத்திலிருந்து விலகிய மூலைக்குத் தூரம் அதிகம். அங்கிருந்து பார்த்தால் அபர்ச்சர் ஒடுங்கித் தெரியும். ஒளியும் சாய்வாக விழும். எல்லாம் சேர்ந்து வெளிச்சம் கோணத்தின் கொசைனின் நான்காம் அடுக்காகக் குறைகிறது. 45 டிகிரி ஓரத்தில் நடுவிலுள்ளதில் கால்பங்கு, 60 டிகிரியில் பதினாறில் ஒன்று.

இந்த விதியோடு மல்லுக்கு நின்றவற்றில் எனக்குப் பிடித்தது பெர்லின் கோர்ஸ் நிறுவனத்தின் ஹைப்பர்கான். எமில் ஃபான் ஹோக் 1900 வாக்கில் வடிவமைத்தது. மெல்லிய கிண்ணம்போல வளைந்த இரண்டே கண்ணாடிகள், எதிரெதிராக. சுமார் 135 டிகிரி மூடும். ஓரத்துக்கு ஒளி போதாதே? முன்னால் நட்சத்திர வடிவில் ஒரு குட்டிச் சக்கரம். ரப்பர் பந்தை அழுத்தினால் குழாய் வழியாகக் காற்று போய் அதைச் சுழற்றும். சுழலும் இதழ்கள் நடுப்பகுதியின் ஒளியை மறைக்க, ஓரங்கள் நிதானமாகப் பதியும். பிறகு சக்கரத்தை ஒதுக்கி நடுவுக்கும் கொஞ்சம் ஒளி காட்ட வேண்டும். படம் எடுப்பவர் ஒரு கையால் காற்றடித்துக்கொண்டு நிற்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் விஷயம் நடந்தது.

1940-களில் சோவியத் ஒளியியலாளர் மிகைல் ருசினோவ் இதைக் கண்ணாடியாலேயே சாதித்தார். இடை சிறுத்து, முன்னும் பின்னும் பெரிய வளைந்த கண்ணாடிகள் புடைத்த வடிவம். இந்த வகையான சூப்பர் ஆங்குலான் போன்ற லென்ஸைக் கையில் எடுத்துப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். ஒடுங்க வேண்டிய அபர்ச்சர் உங்களை நோக்கித் திரும்புவதுபோல் விரிந்தே தெரியும். வெளிச்ச இழப்பு ஒரு படி குறைகிறது. மீதிக்கு, நடுவில் கறுத்து ஓரத்தில் தெளியும் சென்டர் ஃபில்டர். அதன் விலை கசக்கும்.

தட்டையான ஃபிலிம் கொண்ட பனோரமா கேமராக்கள் சிக்குவது இங்கேதான். ஃப்யூஜி ஜிஎக்ஸ்617 கேமராவின் படம் 56×168 மி.மீ.; மூலைவிட்டம் 177 மி.மீ. ஆக, அகலப் படம் எடுக்க 4×5-க்கான லென்ஸ்தான் வேண்டும், அதன் வட்டத்தில் ஒரு பட்டையை மட்டும் பயன்படுத்த. 90, 105, 180, 300 என்று நான்கு லென்ஸ்கள் உண்டு. புதிதாக வருபவர் 90-ஐத் தேடி ஓடுவார். அது 86 டிகிரி பார்க்கும், மூலையில் வெளிச்சம் வெகுவாகக் குறையும், ஓரத்தில் நிற்பவர் முகம் பக்கவாட்டில் உப்பும். குற்றால மலையை அதில் எடுத்தால் தூரத்துக் கரடுபோலத்தான் வரும். என்னைக் கேட்டால் முதல் லென்ஸ் 180தான். 50 டிகிரிதானே என்று குறைத்து மதிப்பிடுகிறார்கள். அதில் மலை மலையாக நிற்கும், ஃபில்டர் செலவும் இல்லை. 120 ரோலில் நாலே படம் என்பதால் வீணடிப்புக்கு இடமும் கிடையாது.

வட்டத்தை வாங்காமலே தப்பிக்கும் வழியும் உண்டு: ஃபிலிமை வளைத்துவிடுவது. தாமஸ் சட்டன் 1859-இல் கண்ணாடிக் கோளத்துக்குள் தண்ணீர் நிரப்பி 120 டிகிரி லென்ஸ் செய்தார். அதற்கு வளைந்த கண்ணாடித் தகடுகள் தேவைப்பட்டன. ஜப்பானின் வைட்லக்ஸ் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. ஃபிலிம் வளைந்து நிற்க, 26 எம்எம் லென்ஸ் ஒரு மெல்லிய பிளவோடு இடமிருந்து வலமாகத் திரும்பி 140 டிகிரி வரை வருடும். எந்த நொடியிலும் அது ஒளியூட்டுவது அந்தப் பிளவை மட்டுமே. ஆகவே ஃபிலிமின் 24 மி.மீ. உயரத்தை மூடினால் போதும். வட்டம் சாதாரண 35 எம்எம் லென்ஸுடையதைவிடச் சிறிது. ஓரம் இருட்டாவதும் இல்லை. பதிலுக்கு, நேரான மதில் வில்லாக வளையும். லென்ஸையும் மாற்ற முடியாது: ஃபிலிம் வளைவின் ஆரம்தான் குவியத் தூரம், ஒன்றை மாற்றினால் மற்றதும் மாற வேண்டும். ஃபோகஸ்கூட நிலையானது.

வில்லியம் ஜான்ஸ்டன் 1904-இல் காப்புரிமை பெற்ற சர்குட் கேமராவில் கேமராவே சுழலும், ஃபிலிம் எதிர்த்திசையில் ஓடும். லென்ஸ் மாற்றலாம்; ஒரே லென்ஸைப் பிரித்துச் சேர்த்து மூன்று குவியத் தூரங்களும் பெறலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பல்சக்கரம். தப்பான சக்கரத்தை மாட்டினால் பிம்பம் ஒரு வேகத்தில் நகர, ஃபிலிம் வேறு வேகத்தில் ஓடி, தூண்களெல்லாம் இழுபட்டுக் கலங்கும்.

இதில் எதுவுமே இல்லாமல் ஒருவர் நம் ஊரிலேயே பனோரமா செய்திருக்கிறார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமான அடித்தளத்தின் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகக் காகித நெகட்டிவ்களில் எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே பட்டையாக்கினார். அகலக் கோணம் வேண்டாம், சுழலும் லென்ஸ் வேண்டாம். கேமராதான் சுவரோரமாக நகர்ந்தது. ஓரம் இருளாது, எழுத்து உப்பாது. கல்வெட்டைப் படிக்க வேண்டும் என்ற தேவைக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தோன்றவில்லை.

இன்று இந்த லென்ஸ்கள் பெரும்பாலும் பழையதாகவே கிடைக்கின்றன. கடலோர ஊர்களில் பூஞ்சையைத் தேட வேண்டும்: டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்தால் சிலந்தி நூல்போலத் தெரியும். கோப்பால் ஷட்டர்கள் இப்போது தயாராவதில்லை. ஒரு விநாடி வேகம் ஒரு விநாடியா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். விவரம் தெரியாத லென்ஸாக இருந்தால், அட்டையில் துளையிட்டு அதைப் பொருத்தி, இருட்டறையின் ஜன்னலில் வைத்து, வெளிக்காட்சியை வெள்ளைத்தாளில் விழச்செய்யலாம். தாளில் இரண்டு வட்டங்கள் தெரியும்: வெளிச்சம் முடியும் வட்டம் ஒன்று, அதற்கு உள்ளே கூர்மை முடியும் வட்டம் இன்னொன்று. ஸ்கேல் வைத்து அளக்க வேண்டியது உள்வட்டத்தை. விற்பவர் சொல்லும் எண் பல சமயம் வெளிவட்டமாக இருக்கும்.