தாத்தாவின் துப்பாக்கி பேரன் தோளில்!

நவம்பர் மாதக் கடைசி. அமெரிக்காவில் உள்ள பென்சில்வேனியா மாநிலத்தில் குளிர் உடம்பைத் துளைக்கும் நேரம். மலைக்காடுகளில் மரங்கள் இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும். சில ஆண்டுகளில் பனியும் கொட்டிக் கிடக்கும்.

அந்தக் குளிரில், பொழுது விடியும் முன்பே, லட்சக்கணக்கான பேர் காட்டுக்குள் நடக்கிறார்கள். கையில் துப்பாக்கி. உடம்பில் ஆரஞ்சு நிறச் சட்டை. வாயில் பேச்சு இல்லை!

இவர்கள் மான் வேட்டைக்காரர்கள். இவர்களில் பலருடைய கையில் இருப்பது, கடையில் வாங்கிய புதுத் துப்பாக்கி அல்ல. தாத்தா வைத்திருந்த பழைய துப்பாக்கி. அவர்கள் போய் உட்காரும் இடமும் தாத்தா உட்கார்ந்த இடம்தான்.

தாத்தா இறந்துவிட்டார். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை, அவர் நினைவாக, பேரன் அந்த மரத்தடிக்குப் போகிறான்.

மானைச் சுடுவதா? அதுவும் தாத்தாவின் நினைவாகவா? பாவம் இல்லையா?

இப்படி நீங்கள் கேட்பது நியாயம்தான். பதில் சொல்ல, கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

மான் இல்லாத காடு

1900-ம் ஆண்டு வாக்கில் பென்சில்வேனியாக் காடுகளில் மானைக் காண்பதே அபூர்வம். மரத்துக்காகக் காட்டை வெட்டித் தள்ளினார்கள். இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் கணக்கு வழக்கு இல்லாமல் மானைச் சுட்டார்கள். மானைத் தின்று வாழ்ந்த ஓநாயும் அந்தக் காடுகளில் அழிந்து போயிற்று.

அரசு விழித்துக் கொண்டது. வன விலங்குகளைக் காப்பதற்காக 1895-ல் ஓர் ஆணையம் அமைத்தது. 1906 முதல் வெளி மாநிலங்களில் இருந்து மான்களை வாங்கி வந்து காட்டில் விட்டார்கள். பெண் மானைச் சுடக் கூடாது என்று 1907-ல் சட்டம் வந்தது.

மான் பெருகியது. பெருகிப் பெருகிக் காடு தாங்காத அளவுக்குப் போய்விட்டது! மரக்கன்று முளைத்ததும் மான் கடித்துவிடும். கடுங்குளிரில் தீனி கிடைக்காமல் மான்கள் பட்டினியால் செத்தன. தடுப்பதற்கு ஓநாயும் இல்லை.

ஆகவே இன்று அரசே நாள் குறித்து வேட்டைக்கு அனுமதி தருகிறது. 2023-24 வேட்டைக் காலத்தில் 4 லட்சத்துக்கும் அதிகமான மான்கள் வேட்டையாடப்பட்டன. ஆனாலும் அங்கே மான் இனத்துக்கு ஆபத்து இல்லை. சாலையில் மான் மீது கார் மோதுவது இன்றும் அங்கே அன்றாடச் செய்தி!

வேட்டைக்காரர் கட்டும் உரிமக் கட்டணம் காட்டுக்கே திரும்பிப் போகிறது. அந்தப் பணத்தில் 1920 முதல் நிலம் வாங்கத் தொடங்கினார்கள். இன்று அந்த வன நிலம் சுமார் 15 லட்சம் ஏக்கர்!

பள்ளிக்கு விடுமுறை!

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்காவில் 'நன்றித் திருநாள்'. 1963 முதல் 2018 வரை, அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் பென்சில்வேனியாவில் துப்பாக்கி வேட்டை தொடங்கும் நாள்.

அன்று பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விட்டார்கள். திறந்து வைத்தாலும் யார் வருவார்கள்? மாணவனும் காட்டில், வாத்தியாரும் காட்டில்!

2019-ல் இந்த நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் வசதி என்பது காரணம். ஆனால் வயதானவர்கள் பலர் முணுமுணுத்தார்கள். முன்பெல்லாம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் காட்டு வீட்டில் பிள்ளைகளோடு தங்கி, பேசிச் சிரித்து, திங்கட்கிழமை வேட்டைக்குப் போவார்கள். அந்த இரண்டு நாள் போயிற்றே என்பதுதான் அவர்களுக்கு வருத்தம்.

சுவரில் தொங்கும் சட்டை

காட்டு வீடு என்றால் மாளிகை அல்ல. மரப் பலகையால் கட்டிய சிறிய வீடு. நடுவில் விறகு அடுப்பு. அடுக்குக் கட்டில்கள். ஒரு நீள மேசை. இரவில் சீட்டாட்டம்.

சுவரில் ஒரு வேடிக்கை உண்டு. வந்த மானைக் குறி தவறவிட்டவனை நண்பர்கள் சும்மா விடமாட்டார்கள். அவனுடைய சட்டையின் பின்பக்கத்துத் துணியைக் கத்தரியால் வெட்டி, பெயரும் நாளும் எழுதி, சுவரில் ஆணி அடித்து மாட்டிவிடுவார்கள்!

'என் தாத்தா பெரிய வேட்டைக்காரர்' என்று நினைத்துக் கொண்டு வரும் பேரன், அந்தச் சுவரில் தாத்தாவின் சட்டைத் துணியும் தொங்குவதைப் பார்ப்பதுண்டு. அவரும் ஒரு காலத்தில் கை நடுங்கிய பையன்தான் என்று அப்போது அவனுக்குத் தெரிகிறது.

பல வீடுகளில் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கும். யார் வந்தார்கள், எவ்வளவு பனி, எத்தனை மான் என்று ஆண்டுதோறும் எழுதி வைப்பார்கள். தாத்தா இறந்த பிறகு அவருடைய கையெழுத்தைப் பார்க்க வேண்டுமானால் அந்த நோட்டைத்தான் புரட்ட வேண்டும்.

கதவுக்குப் பின்னால் அவருடைய கம்பளிக் கோட்டு தொங்கும். சிவப்பும் கறுப்பும் கலந்த கட்டம் போட்ட கோட்டு. இந்த ஊர் வேட்டைக்காரர்களின் பழைய சீருடை அது. இப்போது அதை மட்டும் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போக முடியாது. ஒருவரை ஒருவர் தவறிச் சுட்டுவிடாமல் இருக்க, தலை, மார்பு, முதுகு மூன்றிலும் சேர்த்து 250 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும் என்பது சட்டம். பேரன் தாத்தாவின் கோட்டைப் போட்டு, அதன் மேல் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக் கொள்கிறான்.

தாத்தா சொன்ன பாடம்

துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே பாடம் தொடங்கிவிடும்.

'சுடும் வரை விசையில் விரல் வைக்காதே. மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். சந்தேகம் இருந்தால் சுடாதே.'

'கொம்பைக் கண்டதும் பாயாதே. கிளைகளை எண்ணு.' ஏனென்றால் 2002 முதல் இளம் ஆண் மான்களைக் காக்க விதி இருக்கிறது. மாநிலத்தின் பெரும்பகுதியில், ஒரு பக்கக் கொம்பில் 3 கிளையாவது இருந்தால்தான் பெரியவர்கள் சுடலாம். சிறுவர்களுக்கு விதியில் சலுகை உண்டு.

'அடிபட்ட மானைக் காட்டில் விட்டுவிட்டு வராதே.' இது எல்லாவற்றிலும் பெரிய பாடம். இரத்தத் துளியைப் பார்த்துப் பார்த்துத் தேடிக்கொண்டு போக வேண்டும். எத்தனை மணி நேரம் ஆனாலும் போக வேண்டும். வலியோடு ஒரு பிராணியை விட்டு வருவதை வேட்டைக்காரர்கள் வெட்கக்கேடாக நினைக்கிறார்கள்.

'சுட்டதை வீணாக்காதே.' வீட்டுக்குத் தேவையானது போக, மீதியை அக்கம் பக்கத்துக்குக் கொடுப்பார்கள். ஏழைகளுக்கு மான் இறைச்சி வழங்கும் திட்டம் ஒன்றும் பென்சில்வேனியாவில் 1991 முதல் நடக்கிறது.

பேத்திகளுக்கும் இதே பாடம்தான். பாட்டியிடம் துப்பாக்கி பிடிக்கக் கற்ற பெண்களும் உண்டு!

காலியான இடம்

தாத்தா இறந்த பிறகு வரும் முதல் வேட்டை நாள்தான் மிகவும் கடினமானது.

அடுப்பு எரிகிறது. காப்பி கொதிக்கிறது. அவருடைய கட்டில் மட்டும் காலி.

அப்பா துப்பாக்கியை எடுத்து மகன் கையில் கொடுக்கிறார். பல வீடுகளில் அது 'வின்செஸ்டர் 94' துப்பாக்கியாக இருக்கும். 1894-ல் வந்த அந்தத் துப்பாக்கி 70 லட்சத்துக்கும் மேல் விற்றது. தோளில் வைக்கும் மரப்பிடி, தாத்தாவின் கன்னம் பட்டுப் பட்டு வழவழப்பாகி இருக்கும்.

காட்டில் பல இடங்களுக்கு முதியவர்களின் பெயரையே வைத்திருப்பார்கள். தாத்தா பாறை, தாத்தா மரம் என்று. வரைபடத்தில் அந்தப் பெயர் இருக்காது. வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சில குடும்பங்கள் தாத்தாவின் சாம்பலையும் அங்கேயே தூவிவிடுகின்றன. இறந்தவரின் சாம்பலைத் தோட்டாவில் அடைத்துத் தரும் தொழிலைக்கூட 2011-ல் அலபாமா மாநிலத்தில் தொடங்கினார்கள்!

பேரன் அந்த இடத்தில் உட்காருகிறான். மணிக்கணக்காக அசையாமல் உட்கார வேண்டும். செல்போன் ஒலி இல்லை. பேச ஆள் இல்லை. அப்போது தாத்தா சொன்னது ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. மான் வந்தால் நெஞ்சு அடித்துக் கொள்கிறது. சிலர் சுடுகிறார்கள். சிலர் அன்று மனம் வராமல் மானைப் போகவிட்டு விடுகிறார்கள். பலருக்கு மானே வருவதில்லை!

சுட்டவனும் உடனே துள்ளிக் குதிப்பதில்லை. விழுந்த மானின் பக்கத்தில் மண்டியிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருப்பவர்கள் உண்டு. தாத்தாவும் அப்படித்தான் இருந்தார் என்பார்கள். ஓர் உயிரை எடுத்தோம் என்பதை மறக்கக் கூடாது என்பதும் அவர் விட்டுப்போன பாடம்தான்.

'பாவம் இல்லையா?' என்ற கேள்விக்கு அந்தக் குடும்பங்கள் சொல்லும் பதில் இதுதான்: 'இறைச்சி தின்கிறோம். அது எப்படி வந்தது என்று தெரிந்து தின்கிறோம்.' இதை ஏற்காதவர்கள் அமெரிக்காவிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அறுந்துபோகும் சங்கிலி

இப்போது இந்தக் குடும்பங்களுக்கு வேறு ஒரு கவலை வந்திருக்கிறது.

1982-ல் பென்சில்வேனியாவில் வேட்டை உரிமம் வாங்கியவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். 2018-ல் அது சுமார் எட்டரை லட்சம். பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். தாத்தா இறந்ததும் காட்டு வீட்டை விற்றுவிடும் குடும்பங்களும் உண்டு. சுவரில் இருந்த சட்டைத் துணிக்கும், மேசையில் இருந்த நோட்டுக்கும் பிறகு ஆள் இல்லை.

இதைப் பார்த்த அரசு, 2006-ல் ஒரு வழி செய்தது. 12 வயது ஆகாத பிள்ளைகளும், பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் வேட்டைக்கு வரலாம் என்று அனுமதித்தது.

இது வந்த பிறகு, சிறுவயதிலேயே தாத்தாவின் பக்கத்தில் உட்காரும் வாய்ப்புப் பல பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது. பனியில் கை விறைக்கும்போது அவர் பையில் இருந்து மிட்டாய் எடுத்துத் தருவார். காதோடு காதாகக் கதை சொல்வார். மான் வந்ததா இல்லையா என்பது பிறகு மறந்துபோகும்.

தாத்தா உயிரோடு இருக்கும்போது கூடப் போன பிள்ளைதான், அவர் இறந்த பிறகும் அந்த மரத்தடிக்குப் போகிறான்.