கொள்ளைநோய் வந்தால் எந்தத் தடுப்பு எவ்வளவு பலன் தரும்?



கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருஷமும் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் பக்தர்களை விடவில்லை. பூ, மாலை, தேங்காய் விற்கும் நம் பெண்களுக்கு வியாபாரமும் இல்லை. "இவ்வளவு கஷ்டப்பட்டோமே, பலன் இருந்துச்சா?" என்று நாம் கேட்பது நியாயம்தான்.

கூட்டம்: 2020-ல் தமிழ்நாட்டிலும் பக்கத்து ஆந்திராவிலும், நோயாளிகளோடு பழகிய சுமார் 5 லட்சத்து 75 ஆயிரம் பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். நோய் வந்த 100 பேரில் 70 பேர் யாருக்கும் பரப்பவில்லை. வெறும் 8 பேரிடமிருந்துதான் புதிய தொற்றில் 60 சதவீதம் வந்தது. அந்த 8 பேர் யாருன்னு முன்கூட்டியே தெரியாது. அதனால்தான் கூட்டம் ஆபத்து. கோயம்பேடு சந்தையிலிருந்து பல மாவட்டங்களுக்கு நோய் பரவியதும் இப்படித்தான். 2020 மே 5-ல் அதை மூடி, காய்கறி மொத்த விற்பனையை நம் மாவட்டத்துத் திருமழிசைக்கு மாற்றினார்கள்.

முகக்கவசம்: வங்கதேசத்தில் 600 கிராமங்களில் சோதித்தார்கள். சில ஊர்களில் சும்மா விட்டார்கள். அங்கே 100-க்கு 13 பேர்தான் போட்டார்கள். இலவசமாகக் கொடுத்து, நேரில் ஞாபகப்படுத்திய ஊர்களில் 42 பேர் போட்டார்கள். சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த ஊர்களில் அறிகுறியோடு வரும் நோய் 11 சதவீதம் குறைந்தது. 60 வயது தாண்டியவர்களிடம் 35 சதவீதம். துணி மாஸ்க்கில் அந்த அளவு பலன் தெரியவில்லை.

தடுப்பூசி: 2021 ஜனவரி 16-ல் நம் நாட்டில் தொடங்கியது. ஊசி போட்டவர்களுக்கும் தொற்று வந்தது உண்மை. ஆனால் நோய் முற்றுவதும் சாவும் வெகுவாகக் குறைந்தன.

ஊரடங்கு: இது நோயை ஒழிக்காது, வேகத்தைக் குறைக்கும். ஆஸ்பத்திரியில் படுக்கையும் ஆக்சிஜனும் தயார் செய்ய நேரம் கிடைக்கும். நீண்டுகொண்டே போனால் கூலிக்காரர் வீட்டில் அடுப்பு எரியாது.

ஆக, ஒன்று மட்டும் போதாது; எல்லாம் சேர்ந்தால்தான் காவல். இதில் செலவு குறைந்தது, காய்ச்சல் கண்டவர் ஒதுங்கி இருப்பதுதான். கூலி போகுமே என்று பயந்தால் யார் ஒதுங்குவார்? இங்கேதான் குழு வேணும். ஒதுங்கியிருப்பவருக்கு அவசரக் கடன், தவணைக்கு அவகாசம், ரேஷன் வாங்கித் தர ஒரு ஆள் - இந்த மூன்றையும் அடுத்த கூட்டத்தில் பேசி, தீர்மான நோட்டில் எழுதி வைப்போம். நோய் வந்தபிறகு யோசிக்க நேரம் இருக்காது.