தொப்பைக்கும் புற்று நோய்க்கும் தொடர்பு! ஆம்பூர் ஆண்களே, இடுப்பை அளந்து பாருங்கள்

ஆம்பூர்—

"நாள் பூரா உழைக்கிறேன். எனக்கு எதுக்கு சார் தேகப்பயிற்சி?"

ஆம்பூர் பஸ் நிலைய டீக்கடைகளில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இந்தப் பதில்தான் வரும்.

ஷூ கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் சாயந்திரம் வரை எழுந்திருக்க நேரம் இல்லை. கடைக்காரர் கல்லாவை விட்டு நகர முடியாது. குமாஸ்தாவுக்கு நாற்காலியே கதி. வேலை முடிந்ததும் ஒரு பிளேட் பிரியாணி. வீட்டுக்குப் போக பைக்.

உடம்பு அலுத்துப் போவது நிஜம்தான். ஆனால் அலுத்துப் போன உடம்பு வேறு, உறுதியான உடம்பு வேறு!

10 லட்சம் பேர்

சுவீடன் நாட்டில் 1968 முதல் 2005 வரை ராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட வாலிபர்களை, சைக்கிள் போன்ற கருவியில் ஏற்றி மிதிக்கச் சொன்னார்கள். யாருக்கு எவ்வளவு தம் இருக்கிறது, எடை என்ன, உயரம் என்ன என்று குறித்து வைத்தார்கள்.

10 லட்சத்துக்கும் மேற்பட்ட அந்த ஆண்களை சராசரியாக 33 ஆண்டுகள் கண்காணித்த முடிவு 2023-ல் வெளியானது. அவர்களில் 84,117 பேருக்குப் புற்று நோய் வந்திருந்தது.

வாலிப வயதில் நல்ல தம் இருந்தவர்களுக்கு, தம் குறைவாக இருந்தவர்களைவிட கல்லீரல் புற்று நோய் அபாயம் 40 சதவீதம் குறைவு. உணவுக் குழாயில் 39, சிறுநீரகத்தில் 20, குடலில் 18 சதவீதம் குறைவு.

புராஸ்டேட் சுரப்பியிலும் தோலிலும் மட்டும் அபாயம் கூடியிருந்தது. இவர்கள் அடிக்கடி பரிசோதனை செய்து கொள்வதும், வெயிலில் அதிகம் இருப்பதும் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

சும்மா கிடக்காத கொழுப்பு

உடல் கொழுப்புக்கும் 13 வகைப் புற்று நோய்களுக்கும் தொடர்பு உண்டு என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்று நோய் ஆராய்ச்சிப் பிரிவு 2016-ல் அறிவித்தது. குடல், கணையம், பித்தப்பை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் அதில் அடக்கம்.

வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. ரத்தத்தில் இன்சுலினை ஏற்றிவிடும். உள்ளுக்குள் அழற்சியை உண்டாக்கும். செல்கள் தாறுமாறாகப் பெருக இது வழி விடும்.

டேப் எடுங்கள்

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் டேப் வைத்து அளந்து பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் (சுமார் 35½ அங்குலம்) தாண்டினால் ஆபத்து. பேண்ட் சைஸை நம்ப வேண்டாம். தொப்பைக்குக் கீழே போடும் பேண்ட் பொய் சொல்லும்!

வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை போதும். அதாவது 5 நாள், தினம் அரை மணி. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

நடந்து முடித்து பீடி பற்ற வைத்தால் பிரயோஜனம் இல்லை. புகையிலை செய்யும் கெடுதலை எந்த நடையும் ஈடு கட்டாது.

"தோல் வேலையில் இருக்கிறோம், வருவது வரட்டும்" என்பாரும் உண்டு. தோல் தூசி மூக்கில் புற்று நோய் உண்டாக்கும் என்பது உண்மைதான். தூசியை அகற்றுவதும் முகமூடி கொடுப்பதும் கம்பெனியின் கடமை. அதைக் கேட்டு வாங்குங்கள். அதற்காகத் தொப்பையை மறந்து விடாதீர்கள்.

எடை தானாக இறங்கினால்?

சாப்பாட்டைக் குறைக்காமல், நடக்காமல் எடை இறங்கினால், "இளைச்சிட்டேன்" என்று சந்தோஷப்படக் கூடாது. மலத்தில் ரத்தம், விழுங்கும்போது அடைப்பு, 2 வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண் இருந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்கள்.

திருப்பத்தூர் உள்பட 4 மாவட்டங்களில் 2023-ல் புற்று நோய் கண்டறியும் திட்டத்தை அரசு தொடங்கியது. அதில் ஆண்களுக்கு வாய்ப் பரிசோதனை உண்டு. ஆம்பூரில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யும் பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரம்தான்.

பயந்து கொண்டு வீட்டிலேயே இருப்பதுதான் பெரிய ஆபத்து.